மேகம் வந்தால் பந்து வளையுமா?

கிரிக்கெட் பார்க்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வானிலை நிபுணர் இருப்பார். பெரும்பாலும் ரிடையர் ஆன பெரியப்பா. டாஸ் போடுவதற்கு முன் டி.வி. கேமரா ஒரு நிமிஷம் வானத்தைக் காட்டினால் போதும்... "மூட்டமா இருக்கு பாரு! இன்னிக்குப் பந்து பாம்பு மாதிரி வளையப் போறது. டாஸ் ஜெயிச்சவன் கண்ணை மூடிண்டு ஃபீல்டிங் எடுக்கணும்!" என்று காபி டம்ளரைக் கீழே வைக்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஐந்து நிமிஷம் கழித்து அதையே காமென்டேட்டர் கோட்டு சூட்டோடு இங்கிலீஷில் சொல்வார். பெரியப்பா நம்மை ஒரு பார்வை பார்ப்பார்.

நானும் ரொம்ப வருஷம் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். அந்த நம்பிக்கைக்காக ஒரு மேட்சையும், ஒரு நல்ல பௌலரையும் பலி கொடுத்தேன்.

எண்பதுகளில் எங்கள் காலேஜ் டீமுக்கு நான் கேப்டன். தகுதி? கிட் பேகை வைக்க எங்கள் வீட்டுத் திண்ணையில் இடம் இருந்தது. ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை. சென்னை வானம் கழுவாத அலுமினியப் பாத்திரம் மாதிரி இருந்தது. டாஸ் ஜெயித்தேன். பிட்ச்சைக்கூடப் பார்க்கவில்லை. அண்ணாந்து மேகத்தைப் பார்த்தேன். "ஃபீல்டிங்!"

பந்து வளையவில்லை. தபால்காரர் மாதிரி நேராக வந்தது, நேராக பவுண்டரிக்குப் போனது. நாங்கள் சும்மா இருக்கவில்லை. பதினொரு பேரும் பேன்ட் சிவக்கச் சிவக்கப் பந்தைத் தேய்த்தோம். ஊஹூம்! சைக்கிளில் பெரம்பூரிலிருந்து வரும் எங்கள் ஓப்பனிங் பௌலர், ஒல்லியான பையன், ஒன்பது ஓவரில் 61 ரன் கொடுத்தான். "இவ்வளவு மேகம் இருந்தும் ஸ்விங் பண்ண முடியலேன்னா, இவன் எப்பத்தான் பண்ணுவான்?" என்று அடுத்த மேட்ச்சில் அவனை உட்கார வைத்தேன். அதற்கப்புறம் அவன் காலேஜுக்காக ஆடவே இல்லை.

அது எனக்கு உறுத்த ஆரம்பித்தது ரொம்ப காலம் கழித்து. பந்து ஏன் வளைகிறது என்று நாலு விஷயம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு!

ஸ்பூனும் குழாயும்

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். குழாயைத் திறந்து மெல்லிசாகத் தண்ணீர் விழ விடுங்கள். ஒரு ஸ்பூனின் காம்பை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, முதுகுப் பக்கத்தைத் தண்ணீரில் தொடுங்கள். தண்ணீர் ஸ்பூனைத் தள்ளிவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. ஸ்பூன் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும். வளைந்த முதுகை ஒட்டிக்கொண்டு ஓடும் தண்ணீர் ஒரு பக்கமாகத் திரும்புகிறது. அதற்கு ஈடாக ஸ்பூன் எதிர்ப்பக்கம் நகர்கிறது. (அதற்குள் சமையலறையிலிருந்து "யாரு குழாயைத் திறந்து விட்டது?" என்று குரல் வரும். விஞ்ஞானத்துக்காக என்று சொல்லிப் பாருங்கள்.)

கிரிக்கெட் பந்தும் ஒரு ஸ்பூன்தான். தண்ணீருக்குப் பதில் காற்று.

156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள தோல் பந்து. நடுவே ஆறு வரிசைத் தையல், கொஞ்சம் மேடாக. அந்த மேட்டுக்குத்தான் 'சீம்' என்று பெயர். பந்து பறக்கும்போது அதன் மேல் ஒரு மெல்லிய காற்றுப் போர்வை ஒட்டிக்கொண்டு வரும். கொஞ்ச தூரம் ஒட்டிவிட்டு, பின்பக்கம் எங்கேயோ உதிர்ந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் உதிர்ந்தால் பந்து நேராகப் போகும்.

பௌலர் சீமைக் கொஞ்சம் சாய்த்து, முதல் ஸ்லிப்பைப் பார்க்கிற மாதிரி பிடித்துப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் வரும் காற்று தையல் மேட்டில் தடுக்கிக் கலங்குகிறது. மறுபக்கம் வழவழப்பான தோலில் சீராக ஓடுகிறது. கலங்கிய காற்றுக்குத் தெம்பு அதிகம். ரொம்ப நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். சீரான காற்று சீக்கிரமே உதிர்ந்துவிடும். அப்புறம் ஸ்பூன் கதைதான்! அதிக நேரம் ஒட்டியிருக்கும் பக்கமாகப் பந்து இழுக்கப்படுகிறது. சீம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் வளைகிறது. ஸ்விங் என்றால் இவ்வளவுதான்.

'கடைசி நேரத்துல வளைஞ்சுது சார்' என்று அவுட் ஆனவர்கள் சொல்வது சாக்கு இல்லை. பக்கவாட்டு இழுப்பு வழி பூராவும் ஒரே அளவில் இருந்தால்கூட, முதல் பாதி நேரத்தில் மொத்த வளைவில் கால் பங்குதான் நடக்கும். மிச்சம் முக்கால் பங்கும் இரண்டாம் பாதியில். பந்து பேட்ஸ்மேனை அடைய எடுக்கும் மொத்த நேரமே அரை விநாடி சுமாருக்கு. அதில் கடைசிக் கால் விநாடியில் முக்கால் வளைவு வந்தால், பாவம், அந்த மனுஷன் என்னதான் செய்வார்?

இந்தக் கணக்குகளைக் காற்றுச் சுரங்கத்தில் பந்தை வைத்து அளந்தவர்களில் முக்கியமானவர் ரபீந்திர மேத்தா. அமெரிக்காவின் நாசா நிறுவனத்து விஞ்ஞானி. இங்கிலாந்தில் வூஸ்டர் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் இம்ரான் கானோடு சேர்ந்து படித்தவர். அவரும் நண்பர்களும் 1983-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆராய்ச்சி இந்த விஷயத்தில் பெரிய கைகாட்டி. சீமை ஏறக்குறைய 20 டிகிரி சாய்த்து, மணிக்கு 110 கிலோமீட்டர் சுமாருக்குப் போட்டால் புதுப் பந்து நன்றாக வளையும். வேகம் ரொம்பக் கூடினால் வளைவு குறைய ஆரம்பிக்கும்!

1983 உலகக் கோப்பை ஃபைனல் ஞாபகம் வருகிறதா? லார்ட்ஸில் நம்மவர்கள் 183-க்கு ஆல் அவுட். பல்விந்தர் சிங் சந்து ஓடி வந்ததைப் பார்த்தால் பஸ் பிடிக்கப் போகிறவர் மாதிரிதான் இருக்கும். கார்டன் கிரீனிட்ஜ் 'இது வெளியே போகிற பந்து' என்று பேட்டைத் தூக்கிவிட்டார். பந்து உள்ளே வந்து ஸ்டம்ப்பைத் தொட்டது. அப்புறம் மதன்லால், மொகிந்தர் அமர்நாத் என்று மிதவேகக்காரர்கள் ஆளுக்கு மூன்று விக்கெட். 140-க்கு வெஸ்ட் இண்டீஸ் காலி. எக்ஸ்பிரஸ் வேகம் இல்லாததும் ஒரு பலம்தான்!

பதினாறு விக்கெட் பாப் மாஸி

மேகக் கட்சிக்காரர்கள் தவறாமல் சாட்சிக்கூண்டில் ஏற்றும் ஆசாமி ஒருவர் உண்டு. பாப் மாஸி. ஆஸ்திரேலியாவின் பெர்த் பக்கத்துக்காரர். 1972 ஜூன் மாதம் லார்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆடினார். மேகமூட்டம், ஈரப்பதம், எல்லாம் உண்டு. முதல் இன்னிங்ஸில் 84 ரன்னுக்கு 8, இரண்டாவதில் 53-க்கு 8. மொத்தம் 137 ரன்னுக்கு 16 விக்கெட்! அறிமுக டெஸ்ட்டில் அது உலக சாதனை. பதினைந்து வருஷம் தாண்டி 1988 ஜனவரியில் நம்ம சேப்பாக்கத்தில்தான் அது உடைந்தது. நரேந்திர ஹிர்வானி 136 ரன்னுக்கு 16. ஒரே ஒரு ரன் வித்தியாசம்!

"பார்த்தீரா? மேகம்தானே?" என்பார் பெரியப்பா.

அவசரப்படாதீர்கள். அதே மைதானம், அதே மேகம், அதே பந்து. எதிர் முனையில் டென்னிஸ் லில்லி என்கிற மகா பௌலர். அவருக்குக் கிடைத்தது மீதி 4 விக்கெட். மேகம் இருவருக்கும் பொதுவாகத்தானே இருந்தது? வித்தியாசம் மணிக்கட்டில் இருந்தது. சீம் ஆடாமல் அசையாமல் நிமிர்ந்து, பின்னோக்கிச் சுழன்றுகொண்டே போக வேண்டும். கொஞ்சம் தள்ளாடினாலும் காற்று இரண்டு பக்கமும் மாறி மாறிக் கலங்கி, வளைவு போய்விடும்.

அந்த மணிக்கட்டு மாஸிக்கே ரொம்ப நாள் கைகொடுக்கவில்லை. ஆறே டெஸ்ட், 31 விக்கெட். 1973-ல் வெஸ்ட் இண்டீஸ் போனபோது ஸ்விங் அவரை விட்டுப் போயிருந்தது. அங்கே ஒரு டெஸ்ட்டிலும் இடம் கிடைக்கவில்லை. அதோடு சரி.

அப்போ சென்னை?

ஈரக் காற்று கனமாக இருக்கும், அதனால் பந்தைப் பிடித்து வளைக்கும் என்று ஒரு வாதம் உண்டு. பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி வாத்தியார் கேட்டால் பிரம்பை எடுப்பார். நீராவி மூலக்கூறின் எடை 18. சாதாரணக் காற்றின் சராசரி எடை 29. ஆகவே ஈரக் காற்று வறண்ட காற்றைவிட லேசு! அந்த வித்தியாசமும் ஒன்றிரண்டு சதவிகிதத்துக்கு மேல் போகாது.

அது போகட்டும். ஈரப்பதம்தான் காரணம் என்றால், உலகத்தின் ஸ்விங் தலைநகரம் எது? சென்னை அல்லவா! காலையில் போட்ட சட்டை பத்து மணிக்குள் முதுகில் ஒட்டிக்கொள்ளும் ஊர். சேப்பாக்கத்தில் நின்று கையை வீசினாலே பந்து மெரினா பக்கம் வளைந்து போக வேண்டும். போகிறதா? இல்லை. புதுப் பந்தில் சில ஓவர். அப்புறம் ஸ்பின்னர் கையில்.

'ஈரத்தில் தையல் நூல் ஊறிப் பருத்துவிடும்' என்று இன்னொரு வாதம். 2012-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் ஹாலம், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் லேசர் ஸ்கேனர் வைத்துப் பார்த்தார்கள். பந்தை ஈரக் காற்றில் வைத்து அளந்தார்கள். தையலும் பருக்கவில்லை, வடிவமும் மாறவில்லை.

அப்படியானால் அத்தனை பௌலர்களும் நூறு வருஷமாகப் பொய் சொல்கிறார்களா? அதுவும் இல்லை. அந்த ஆராய்ச்சியாளர்களே ஒரு யோசனை சொன்னார்கள். வெயில் அடித்தால் தரை சூடாகும். சூடான காற்று மேலே கிளம்பும். மைதானத்தின் மேல் காற்று கொதிக்கிற பால் மாதிரி கலங்கிக்கொண்டே இருக்கும். பந்தின் வழவழப்பான பக்கத்தில் காற்று சீராக ஓட வேண்டும் அல்லவா? அதை இந்தக் கலக்கம் கெடுத்துவிடும். மேகம் மூடினால் தரை சூடாகாது. காற்று அமைதியாக இருக்கும். ஸ்விங்குக்குத் தடை இல்லை. ஆக, மேகம் பந்தை வளைப்பதில்லை. வளைகிற பந்தைத் தொந்தரவு செய்யாமல் விடுகிறது! இதுவும் இன்னும் முழுசாக நிரூபணமாகாத யோசனைதான். ஆனால் 'கனமான காற்று' கதையைவிட எவ்வளவோ மேல்.

கீழே பாருங்கள்

நிஜமான வித்தை மேலே இல்லை, தரையில் இருக்கிறது.

இங்கிலாந்தில் அவுட்ஃபீல்ட் பச்சைக் கம்பளம். பந்து உருண்டு போனால் துணியால் துடைத்த மாதிரி திரும்பி வரும். அங்கே டெஸ்ட்டுக்கு டியூக்ஸ் பந்து. கையால் தைத்தது, சீம் எடுப்பாக இருக்கும், மெருகு ரொம்ப நேரம் போகாது. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்கிற மனிதர் அந்தப் பந்தையும் அந்தப் புல்லையும் வைத்துக்கொண்டு 2024-ல் ஓய்வு பெறுவதற்குள் 704 டெஸ்ட் விக்கெட் எடுத்துவிட்டார். வேறெந்த வேகப்பந்து வீச்சாளரும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. 2018-ல் லார்ட்ஸில் மழைக்கு நடுவே நம்மை 107-க்குச் சுருட்டிய நாளில் அவர் கணக்கு 20 ரன்னுக்கு 5.

ஆஸ்திரேலியாவில் கூகபரா பந்து. சீம் சீக்கிரம் தட்டையாகிவிடும். இருபது ஓவர் தாண்டினால் பௌலர் முகமும் தட்டையாகிவிடும். இந்தியாவில் மீரட்டில் தயாராகும் எஸ்.ஜி. பந்து. கையால் தைத்த சீம் நன்றாக நிற்கும். ஆனால் காய்ந்த பிட்ச்சும் கட்டாந்தரையும் மெருகை உரித்துவிடும்.

மெருகு உரிந்தால் என்ன? ஒரு பக்கத்தை மட்டுமாவது பளபளப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். சீரான காற்றுக்கு ஒரு வழவழப்புப் பக்கம், கலங்கலுக்கு ஒரு சொரசொரப்புப் பக்கம். அதற்காகத்தான் ஃபீல்டர்கள் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். மானம் போகிற பழக்கம்தான், என்ன செய்வது!

இந்தப் பளபளப்பு ஆசைதான் சேப்பாக்கத்தில் ஒரு பெரிய ரகளைக்கும் காரணமானது. 1976 டிசம்பரில் டெல்லியில் இங்கிலாந்தின் ஜான் லீவர் முதல் டெஸ்ட்டிலேயே 70 ரன்னுக்கு 10 விக்கெட் எடுத்தார். 1977 ஜனவரியில் சென்னை டெஸ்ட். லீவர் நெற்றியில் வாசலின் தடவிய துணிப்பட்டை! பந்துக்குப் பாலிஷ் போடத்தான் இது என்று நம் கேப்டன் பிஷன் பேடி கொதித்தார். 'வியர்வை கண்ணில் வழியாமல் இருக்க' என்றது இங்கிலாந்து தரப்பு. அவர்கள் வாரியம் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. சென்னை வியர்வைக்கு வாசலின் எம்மாத்திரம் என்று நமக்கல்லவா தெரியும்!

வறண்ட மண்ணின் வித்தை

காய்ந்த தரை ஸ்விங்குக்கு எதிரி என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்தது. பாகிஸ்தான்காரர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். தலைகீழாக என்றால் நிஜமாகவே!

ஒரு பக்கம் நன்றாகச் சொரசொரத்துப் போன பழைய பந்து. அந்தச் சொரசொரப்பை முன்பக்கமாக வைத்து வேகமாகப் போட்டால், சீமை எட்டுவதற்கு முன்பே அந்தப் பக்கக் காற்றும் கலங்கிவிடும். இப்போது இரண்டு பக்கமும் கலங்கல். இந்த நிலையில் சீம் மேடு உதவி செய்வதற்குப் பதில் தடையாகிறது. சீம் இருக்கிற பக்கம் காற்று முன்னதாகவே உதிர்கிறது. பந்து சீம் பார்க்கிற திசைக்கு எதிர்த்திசையில் வளைகிறது. இதுதான் ரிவர்ஸ் ஸ்விங். புதுப் பந்தில் இதைச் செய்ய அசுர வேகம் வேண்டும். சொரசொரத்த பந்தில் அவ்வளவு தேவையில்லை. மேகம்? தேவையே இல்லை.

சர்ஃப்ராஸ் நவாஸ் இதை இம்ரானுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1982 டிசம்பரில் கராச்சியில் இம்ரான் நம்மவர்களுக்குச் செய்து காட்டினார். ஒரே இன்னிங்ஸில் 60 ரன்னுக்கு 8. ஆறு டெஸ்ட் தொடரில் 40 விக்கெட். இம்ரானிடமிருந்து வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ். 1992 மார்ச்சில் மெல்போர்ன் உலகக் கோப்பை ஃபைனலில் அக்ரம் அடுத்தடுத்த பந்தில் ஆலன் லாம்பையும் கிறிஸ் லூயிஸையும் போல்ட் ஆக்கியதை யார் மறக்க முடியும்?

அதே வருஷம் இங்கிலாந்து போய் வாசிமும் வக்காரும் டெஸ்ட் தொடரில் 43 விக்கெட் எடுத்தார்கள். அங்கத்திப் பத்திரிகைகள் என்ன எழுதின தெரியுமா? 'பந்தைச் சுரண்டுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள்!' 2005-ல் ஃபிளின்டாஃபும் சைமன் ஜோன்ஸும் அதே ரிவர்ஸ் ஸ்விங்கைப் போட்டு ஆஷஸ் ஜெயித்தபோது அது கலையாகிவிட்டது. அந்த டீமில் ஆடிய டிரெஸ்கோதிக் 2008-ல் வந்த தன் சுயசரிதையில், புதினா மிட்டாய் சப்பிய எச்சிலால் பந்தை மெருகேற்றியதை ஒப்புக்கொண்டார். ஒரே வித்தை. ஒருத்தர் செய்தால் திருட்டு, இன்னொருத்தர் செய்தால் திறமை!

சுரண்டலே நடக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2018 மார்ச்சில் கேப் டவுனில் ஆஸ்திரேலியர்கள் உப்புக் காகிதத்தோடு மாட்டிக்கொண்டார்கள். ஸ்மித், வார்னருக்கு ஒரு வருஷத் தடை. ஆனால் மாட்டியவர்களை வைத்து, மண்ணையும் மணிக்கட்டையும் நம்பி உழைத்த எல்லோரையும் சந்தேகப்படுவது நியாயமா? கொரோனா வந்து 2020-ல் எச்சில் தொடுவதே தடையானது. 2022-ல் சர்வதேச கிரிக்கெட்டில் அதையே நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பது வியர்வை மட்டும். அந்த விஷயத்தில் சென்னைக்காரர்களை அடிக்க ஆள் கிடையாது.

ஒரு பாக்கி

இதையெல்லாம் படித்த பிறகு அந்த நவம்பர் ஞாயிற்றுக்கிழமை எனக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. கயிற்றுப் பாய் விரித்த மேட்டிங் பிட்ச். அது உப்புக் காகிதத்துக்கு அக்கா. ஆறு ஓவருக்குள் பந்தின் தோல் உரிந்திருக்கும். மேலே மேகம் இருந்து என்ன பிரயோஜனம்?

சில மாசங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் அந்த ஓப்பனிங் பௌலரைப் பார்த்தேன். இப்போது ஒல்லி இல்லை. தலையிலும் பவுண்டரி லைன் பின்னால் போய்விட்டது. பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். "அன்னிக்கு உன் மேல தப்பு இல்லடா. மேட்டிங்தான் காரணம். உன்னை நான் உட்கார வெச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ."

அவன் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

"மேட்டிங்கா? அது இருக்கட்டும் மச்சான். அன்னிக்குப் பந்து என் கைக்கு வர்றப்பல்லாம் ரெண்டு பக்கமும் ஆப்பிள் மாதிரி பளபளன்னு வரும். ஒரு பக்கம் நான் தேய்ப்பேன். மறுபக்கம் நீங்க பத்து பேர் தேய்ச்சுக் குடுப்பீங்க. ஒரு பக்கம் மட்டும் தேய்ங்கடான்னு உன்கிட்ட மூணு தடவை சொன்னேன். நீ வானத்தையே பார்த்துட்டு இருந்தே!"